பட்லரைப் பதவியால் மட்டும் அளக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சித் தலைவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, ஆர்.ஏ.பட்லரை 1957-லும் 1963-லும் பிரதமர் பதவியைத் தவறவிட்டவர் என்று ஒரே வரியில் கடந்து சென்றது வருத்தமளிக்கிறது. நிதி, உள்துறை, வெளியுறவு என முக்கியமான துறைகள் அனைத்தையும் வகித்தவர் அவர். ஆனாலும் அவர் பெயர் நிலைப்பது 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால்தான்.

1941-ல் கல்வித் துறைக்கு வந்த பட்லரிடம், போர்க்காலத்தில் புதிய கல்வி மசோதா வேண்டாம் என்றார் பிரதமர் சர்ச்சில். பட்லரோ, பள்ளி ஆசிரியராக இருந்த தொழிற்கட்சிக்காரர் சூட்டர் ஈடைத் துணையாகக் கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பெரும் முட்டுக்கட்டையாக இருந்தது, திருச்சபைகள் நடத்திய பள்ளிகளின் செலவை யார் ஏற்பது, நிர்வாகம் யாரிடம் இருப்பது என்ற வழக்கு. கட்டடச் செலவில் பாதியை ஏற்கும் பள்ளிக்கு நிர்வாகத்தில் பெரும்பான்மை உண்டு. செலவு முழுவதையும் உள்ளாட்சியிடம் விடும் பள்ளி அந்தப் பெரும்பான்மையையும் விட்டுவிட வேண்டும். இப்படி இரு வழிகளை முன்வைத்து, கேன்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிளின் ஆதரவையும் பெற்றார். தலைமுறைகளாகத் தீராத வழக்கை இவ்வளவு பொறுமையாகப் பேசித் தீர்த்த அமைச்சர்கள் அரிது. இச்சட்டத்தால், உள்ளாட்சிகளின் பொறுப்பில் இயங்கிய இடைநிலைப் பள்ளிகளில் கட்டணம் ஒழிந்தது. கட்டாயக் கல்வி வயது 1947-ல் 15 ஆக உயர்ந்தது.

பதினோரு வயதிலேயே தேர்வு வைத்துப் பிள்ளைகளை வெவ்வேறு வகை இடைநிலைப் பள்ளிகளுக்குப் பிரித்த முறையை அவர் கணக்கில் எழுதுவோர் உண்டு. சட்டத்தில் அந்தத் தேர்வு இல்லை. எனினும் மூவகைப் பள்ளிகளைப் பரிந்துரைத்த 1943-ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை (அரசின் கொள்கை அறிக்கை) அவருடையதே என்பதால், அந்தப் பொறுப்பிலிருந்து அவரை முழுவதுமாக விடுவிக்க முடியாது. தனியார் உயர்குடிப் பள்ளிகளைத் தொடாமல் விட்டதும் பெருங்குறையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1944 மார்ச்சில், இந்தக் கல்வி மசோதாவில் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் கோரிய திருத்தம் நாடாளுமன்றத்தில் 117-க்கு 116 என ஒரே வாக்கில் நிறைவேறியது. சர்ச்சில் அதை நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றித் தோற்கடித்தார். பட்லரும் அரசின் பக்கமே நின்றார். அதே பட்லர் நிதியமைச்சராக இருந்த 1955-ல்தான், அரசுப் பணியில் உள்ள பெண்களுக்குப் படிப்படியாகச் சம ஊதியம் தரும் திட்டம் ஏற்கப்பட்டது. ஆசிரியைகளுக்கு அது 1961-ல் முழுமையாகக் கிடைத்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருநெல்வேலி.