எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் உங்கள் கைக்கு வந்திருக்கும். மழை விடுமுறைகள் குறுக்கிட்டாலும் பாடங்கள் உரிய நேரத்தில் முடிந்தன. கோ-கோ அணி நன்றாக ஆடியது, அறிவியல் கண்காட்சிக்குப் பாராட்டுக் கிடைத்தது. அனைவருக்கும் வாழ்த்துகள்.

இனி, சனிக்கிழமை மரக் கடைசல் வகுப்பு. சென்ற வாரம் நடந்ததைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் பலவிதமாகப் பேச்சு வருவதால் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் லேத்தில் (கட்டையைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தில்) பம்பரம் கடைந்துகொண்டிருந்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிற்றை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்திருக்கிறார். குனிந்தபோது அதன் நுனி வெளியே வந்து, சுழலும் கட்டையில் சிக்கியது. நைந்த கயிறு, அறுந்துவிட்டது. கடைசல் கற்றுத்தரும் மாஸ்டர் உடனே இயந்திரத்தை நிறுத்தினார். பிள்ளைக்கு மணிக்கட்டில் சிவந்த கோடு ஒன்றுதான். கயிறோ, சாட்டை சுற்றியதுபோலப் பம்பரத்தின் கழுத்தில் இறுகிக் கிடந்தது.

புதிதாகக் கற்பவர்களுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 சுற்று வேகம்தான் வைக்கிறோம். அந்த வேகத்திலேயே 2 அங்குல விட்டமுள்ள கட்டை ஒரு நொடியில் ஏறத்தாழ 9 அடிக் கயிற்றை இழுத்துவிடும். நைலான் கயிறாக இருந்திருந்தால் எளிதில் அறுந்திருக்காது.

அடுத்த பள்ளி நாளிலேயே சில பெற்றோர் தோல் கையுறை வாங்கிக் கொடுத்தனுப்பினீர்கள். அக்கறை புரிகிறது. ஆனால் லேத்தில் கையுறை கூடவே கூடாது. அது சிக்கினால் விரல்களையும் சேர்த்து இழுக்கும். அலுவலகத்தில் வைத்திருக்கிறோம், தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் கொடுத்தனுப்பினால் உதவியாக இருக்கும், மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகம் முழுவதையும் மறைக்கும் ஒளிபுகும் கவசத்தைப் பள்ளியே தருகிறது.

வேண்டுதலுக்குக் கட்டிய கயிற்றை எப்படி அவிழ்ப்பது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நம்பிக்கையில் தலையிடுவது என் வேலை அல்ல. எந்தக் கோயில் கயிறு, என்ன நிறம் என்றெல்லாம் இயந்திரம் பார்ப்பதில்லை. கழற்ற மனமில்லையென்றால் பிள்ளை அன்று உப்புத்தாள் தேய்க்கட்டும், வண்ணம் பூசட்டும். லேத் அருகே நிற்க முடியாது.

இதில் பேரத்துக்கு இடமில்லை. கயிறு, காப்பு, சங்கிலி, துப்பட்டா, முழுக்கைச் சட்டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, மடித்துக் கட்டாத சடை என எது இருந்தாலும் அன்று இயந்திரம் கிடையாது. செருப்போடு வந்தாலும் அப்படியே. வாசலில் மாஸ்டரை மறித்து வாதாட வேண்டாம். முடிவு என்னுடையது; என் அறைக்கு வாருங்கள்.

வகுப்பையே நிறுத்திவிடலாமே என்றார்கள் இருவர். நிறுத்தப்போவதில்லை. 2016 வர்தா புயலில் நம் வளாகத்தில் சாய்ந்த வேம்பு இத்தனை ஆண்டு கொட்டகையில் காய்ந்து இப்போதுதான் கடைசலுக்குப் பதமாகியிருக்கிறது. கணக்கு வகுப்பில் அரை மணி நேரம் உட்காராத பிள்ளை, உளியைச் சாய்க்கும் கோணம் பிடிபடும்வரை ஒரே கட்டையோடு காலை முழுக்க நிற்கிறான். (கணக்கு ஆசிரியர் இதைப் பொறாமையோடுதான் பார்க்கிறார்.) அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைந்து பழகிய ஒருவர் நம் பிள்ளைகளுக்கு மாஸ்டராகக் கிடைத்திருப்பதும் எளிதில் வாய்ப்பதல்ல.

தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அந்த மாணவரின் பெற்றோருக்கும், அப்ரான் தைத்துக் கொடுத்த அம்மாக்களுக்கும், கேட்காமலேயே ஆட்டோவில் தேக்குத் துண்டுகளைக் கொண்டுவந்து இறக்கிய அப்பாவுக்கும் மனமார்ந்த நன்றி. இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுப் பொங்கல் விடுமுறைக்கு முன் அனுப்பிவையுங்கள். பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
சென்னை