டாலஸுக்குக் குடிவரும் மகளுக்கு

அன்பு கண்ணம்மாவுக்கு,

மாப்பிள்ளைக்குப் பிளானோவில் வேலை உறுதியாகிவிட்டது, ஜூலையில் கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட் வீட்டைக் காலி செய்கிறோம் என்று நீ சொன்னதிலிருந்து இங்கே அப்பாவும் நானும் இதே பேச்சுதான். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையையும் ஒருமுறை படிக்கச் சொல்.

நீ அனுப்பிய பட்டியலில் ஃப்ரிஸ்கோ, பிளானோ, காப்பெல், ஆலன் என்று நாலு பெயர் இருக்கிறது. நாலும் நல்ல இடங்கள்தான். ஆனால் நீ எழுதியிருப்பது ஊர்ப் பெயர். டெக்சாஸில் பள்ளிக்கூடம் ஊரோடு சேர்ந்து போகாது. ஐஎஸ்டி என்று சொல்லும் பள்ளி மாவட்டம் தனி நிர்வாகம்; அதற்குத் தனி எல்லை, தனி வரி, மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் தனி போர்டு. இர்விங்கில் வேலி ராஞ்ச் பகுதியையே எடுத்துக்கொள். ஊர் இர்விங், பின்கோடு 75063. ஆனால் சில தெருக்கள் காப்பெல் ஐஎஸ்டி, சில தெருக்கள் கரோல்டன்–ஃபார்மர்ஸ் பிராஞ்ச் ஐஎஸ்டி. இர்விங் ஐஎஸ்டி என்று இன்னொன்று வேறு தனியாக இருக்கிறது. ஃப்ரிஸ்கோ விலாசம் உள்ள பிள்ளைகள் பிராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் ஐஎஸ்டிகளில் படிக்கிறார்கள். பிளானோ விலாசத்திலிருந்து ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டிக்குப் போகிறவர்களும் உண்டு. டாலஸ் நகர எல்லைக்குள் இருக்கும் சைப்ரஸ் வாட்டர்ஸ் அபார்ட்மென்ட்டுகளில் பலவற்றுக்குக் காப்பெல் ஐஎஸ்டி.

ஆகவே ஊரைத் தேடாதே, விலாசத்தைத் தேடு. ஒரு வீடு பிடித்திருந்தால் முதலில் அந்தக் கவுண்டியில் வரிக்காகச் சொத்து மதிப்புப் போடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்துக்குப் போ. டாலஸ், காலின், டென்டன் மூன்றுக்கும் தனித்தனித் தளம் இருக்கிறது. விலாசத்தை அடித்தால் அந்த வீட்டுக்கு யார் யார் வரி போடுகிறார்கள் என்று வரிசையாக வரும்: கவுண்டி, நகரம், கம்யூனிட்டி காலேஜ், பள்ளி. பள்ளி என்ற வரிசையில் எந்த ஐஎஸ்டி பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் ஐஎஸ்டி. வீடு விற்கும் ஆப்களில் போட்டிருக்கும் பள்ளிப் பெயர் பழசாக இருக்கலாம், பக்கத்துத் தெருவினுடையதாகவும் இருக்கலாம். அவர்களே அடியில் பொடி எழுத்தில் "சரிபார்த்துக்கொள்ளவும்" என்று போட்டிருப்பார்கள்.

அடுத்து அந்த ஐஎஸ்டியின் தளத்தில் விலாசம் அடித்து எந்த எலிமென்டரி, எந்த மிடில், எந்த ஹைஸ்கூல் என்று பார். வருகிற கல்வியாண்டைத் தேர்வு செய்துதான் பார்க்க வேண்டும். இந்த வருஷ எல்லை அடுத்த வருஷம் மாறியிருக்கலாம். அதோடு நிறுத்தாமல் பள்ளி அலுவலகத்துக்கே போன் போட்டு, "இந்த வகுப்பு கேப் ஆகியிருக்கிறதா?", அதாவது இடம் நிரம்பிவிட்டதா என்று கேள். கின்டர்கார்டனிலிருந்து 4ஆம் வகுப்புவரை ஒரு டீச்சருக்கு 22 பிள்ளைகள்தான் என்பது மாநிலச் சட்டம். அதற்கு மேல் போக ஐஎஸ்டி விலக்கு வாங்க வேண்டும். அதனால் வேகமாக வளரும் இடங்களில் வகுப்பு நிரம்பியதும் புதிதாக வருகிற பிள்ளையை வேறு எலிமென்டரிக்கு அனுப்பிவிடுவார்கள். ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடம் தெரியும். உன் பிள்ளை மட்டும் இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். குட்டிக்கு இது முக்கியம். பெரியவனுக்கு இந்தக் கவலை இல்லை.

இன்னொன்று. பள்ளிகள் மூடப்படவும் செய்கின்றன. பிளானோ ஐஎஸ்டி 2024–25 முடிவில் இரண்டு எலிமென்டரி, இரண்டு மிடில் ஸ்கூல்களை மூடியது. காப்பெல் ஐஎஸ்டியும் பிங்கர்டன் எலிமென்டரியை அதே சமயத்தில் மூடியது. பழைய குடியிருப்புகளில் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், பெற்றோர் அதே வீட்டில் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அங்கே வீட்டு விலை கட்டுப்படியாவதில்லை. பிள்ளைகள் குறைந்தால் மாநிலத்திலிருந்து வரும் பணமும் குறையும். குட்டி இனி 13 வருஷம் படிக்க வேண்டியவள். ஒரே ஒரு எலிமென்டரியை நம்பி வீட்டுக்கு ஐம்பதாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்காதே. அந்த ஐஎஸ்டியின் போர்டு மீட்டிங் அஜெண்டாவில் கடந்த ஒரு வருஷத்தில் "எல்லை மாற்றம்", "கட்டடப் பயன்பாடு" என்று எத்தனை முறை வந்திருக்கிறது என்று பார்; எல்லாம் தளத்திலேயே போட்டிருப்பார்கள்.

ரேட்டிங் பற்றி நீ நிறையக் கேட்டாய். ஆப்பில் 10க்கு 9, 10க்கு 7 என்று வருவதை வைத்து முடிவெடுக்காதே. அந்த எண் பெரும்பாலும் பரீட்சை மதிப்பெண்ணிலிருந்து வருவது. பெற்றோரின் வருமானமும் படிப்பும் அதில் மறைந்திருக்கும். மாநிலம் கொடுக்கும் ஏ முதல் எஃப் வரையிலான கிரேடும் நேர்க்கோடாகப் போவதில்லை. கல்லூரி, வேலை, ராணுவம் இவற்றுக்குத் தயாராவதற்கான அளவில் ஏ கிரேடுக்கு முன்பு 60 போதும். 2023இல் அதை 88 ஆக்கினார்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே பல பள்ளிகள் கீழே இறங்கின. வழக்குப் போட்டதில் 2023 கிரேடுகள் 2025இல்தான் வெளியே வந்தன. ஏ கிரேடிலிருந்து பி கிரேடுக்கு இறங்கியது என்றால் பாடம் நடத்துவது கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

எனக்கு நம்பிக்கை உள்ளது டேப்பர் என்று சொல்லும் மாநில அறிக்கை. ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக வருஷா வருஷம் வரும். அதில் டீச்சர்களின் சராசரி அனுபவம், எத்தனை பேர் முதல் வருஷ டீச்சர்கள், வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், வருஷ நடுவில் எத்தனை பிள்ளைகள் வந்து போகிறார்கள் என்றெல்லாம் இருக்கும். டீச்சர்கள் எவ்வளவு பேர் விட்டுப்போகிறார்கள் என்பது ஐஎஸ்டி அளவில் இருக்கும். மூன்று வருஷ அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். டீச்சர்கள் நிலைத்து நிற்கிற பள்ளியில் பிள்ளை நிம்மதியாகப் படிக்கும். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

இப்போது பெரியவன். 9ஆம் வகுப்பில் சேர்கிறான். இங்கே உங்கள் முடிவின் பாதி எடை அவன் பக்கம்தான் இருக்க வேண்டும். டெக்சாஸில் 1997 முதல் வகுப்பு ரேங்க் வைத்து அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் கிடைக்கும் சட்டம் இருக்கிறது. மற்ற இடங்களுக்கு முதல் 10 சதவீதம். யூட்டி ஆஸ்டின் என்ற ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அது 6 சதவீதமாக இருந்து, 2026 இலையுதிர்காலத்தில் சேர்கிறவர்களிலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. 600 பேர் வகுப்பு என்றால் 30 பேர். நம் ஊர்ப் பிள்ளைகள் குவிந்திருக்கும் ஹைஸ்கூலில் அந்த முப்பதுக்குள் வருவது எவ்வளவு கஷ்டம் என்று நீயே யோசித்துப் பார். உள்ளே போனாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அந்தப் பிரிவுக்குத் தனியாகப் பார்ப்பார்கள். பேர்போன பள்ளியில் போட்டியும் பாடங்களும் ஒருபக்கம், கொஞ்சம் அமைதியான பள்ளியில் ரேங்க் இன்னொரு பக்கம். அவன் சுபாவத்துக்கு எது பொருந்தும் என்று உனக்குத்தான் தெரியும். அவனையே கேள்.

அளவிலும் வித்தியாசம் உண்டு. ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டி வேண்டுமென்றே பள்ளிகளைச் சின்னதாக வைத்துக்கொண்டு 12 ஹைஸ்கூல் நடத்துகிறது. ஆலனில் பிரம்மாண்டமான ஒரே ஹைஸ்கூல். பிளானோவில் 9, 10 ஒரு வளாகம், 11, 12க்கு சீனியர் ஹைஸ்கூல் என்று வேறு வளாகம். இரண்டு வருஷத்தில் மறுபடியும் புதுக் கட்டடம், புதுக் கூட்டம். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

அவன் 8ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா முடித்திருக்கிறான் அல்லவா? இங்கே மிடில் ஸ்கூலில் அல்ஜீப்ரா 1 படித்தாலும் ஹைஸ்கூல் கிரெடிட் கிடைக்கும். கலிஃபோர்னியாவிலிருந்து வரும் மார்க் ஷீட்டில் அது ஹைஸ்கூல் கிரெடிட் என்று எழுதியிருக்காவிட்டால், இங்குள்ள கவுன்சிலர் அதைக் கணக்கில் எடுக்காமல் மறுபடி உட்கார வைக்க வாய்ப்பிருக்கிறது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே கவுன்சிலரிடம் கையெழுத்தும் முத்திரையும் போட்ட டிரான்ஸ்கிரிப்ட், பாடத்தின் விவரக் குறிப்பு, இரண்டு செமஸ்டர் கிரேடு மூன்றையும் வாங்கிக்கொள். ஜூன் நடுவில் அங்கே அலுவலகம் பூட்டிவிடும், அப்புறம் ஆகஸ்ட்வரை ஆள் இருக்காது. ஜிபிஏவை ஒரு ஐஎஸ்டி 5க்குப் போடும், இன்னொன்று 6க்குப் போடும். வெளி மாநில ஹானர்ஸ் பாடத்துக்குக் கூடுதல் எடை உண்டா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டும். வயலின் தொடர வேண்டுமானால் ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன் பல இடங்களில் வசந்த காலத்திலேயே முடிந்துவிடும். டைரக்டருக்கு இப்போதே மெயில் போட்டால் வீடியோவில் கேட்கிறார்களா என்று தெரிந்துவிடும். அவனிடம் இன்னொன்றும் சொல்லிவை: 2025–26லிருந்து பள்ளி நேரத்தில் போன் பயன்படுத்தக் கூடாது என்று மாநிலச் சட்டமே வந்துவிட்டது.

குட்டி பிறந்தது செப்டம்பர் 20. இங்கே செப்டம்பர் 1க்குள் 5 வயது முடிந்திருந்தால்தான் கின்டர்கார்டன். 19 நாளில் தவறுகிறாள். அங்கே இருந்தால் கின்டர்கார்டனுக்கு முந்தைய டிகே வகுப்பில் இலவசமாகச் சேர்த்திருப்பாய். இங்கே எல்லா 4 வயதுப் பிள்ளைக்கும் அப்படி இல்லை. பிரீ-கே தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். தகுதிகளில் ஒன்று, ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் முடியாத பிள்ளை என்பது. அவள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள், ஆகவே டெஸ்டுக்கு அழைத்துப் போ. தகுதி பெற்றால் முழுநாள் வகுப்பு. இல்லையென்றால் சில ஐஎஸ்டிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொள்கின்றன, இடம் குறைவு. தனியார் பிரீஸ்கூல் செலவையும் இந்த வருஷ பட்ஜெட்டில் போட்டு வை.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். தமிழ் என்றே எழுது. பயந்துகொண்டு ஆங்கிலம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். டெஸ்ட் வைப்பார்கள், அவ்வளவுதான். ஆங்கில உதவி வகுப்பு வேண்டாம் என்று மறுக்க உனக்கு உரிமை உண்டு, ஆனால் மறுத்தாலும் வருஷா வருஷம் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டியிருக்கும். பெரியவனுக்கு ஆங்கிலத் தேர்ச்சி என்று கலிஃபோர்னியா பள்ளி எழுதிய கடிதம் இருந்தால் கையோடு கொண்டு வா.

விலாசச் சான்று விஷயத்தில் கவனமாக இரு. லீஸில் உன் பெயரோ மாப்பிள்ளை பெயரோ இருக்க வேண்டும், கரண்ட் பில்லில் சர்வீஸ் விலாசம் தெரிய வேண்டும். இங்கே பல ஊர்களில் கரண்ட் கம்பெனியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும், ஆகவே சாவி வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பதிவு செய்துவிடு. வந்து கொஞ்ச நாள் நம் வீட்டில் இருந்துகொண்டு இந்த விலாசத்தில் சேர்த்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். இங்கேயே தங்கப் போவதாக இருந்தால் நோட்டரி முன் நாங்கள் கையெழுத்துப் போட்டுத் தரலாம். ஆனால் வேறு ஐஎஸ்டியில் வீடு பார்த்துவிட்டு இந்த விலாசத்தைக் காட்டுவது குற்றம். கட்டணமும் கட்டச் சொல்வார்கள். அதோடு பெரியவன் ஒரே வருஷத்தில் இரண்டு ஹைஸ்கூல் மாறுவான்.

வாங்குவதா வாடகையா என்றால், முதல் வருஷம் வாடகை என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் எந்த ஹைஸ்கூல் எல்லைக்குள் பின்னால் வாங்க நினைக்கிறீர்களோ அதே எல்லைக்குள் வாடகைக்கு எடுங்கள். 12 மாத லீஸ் ஜூலையில் முடிந்தால் பள்ளி நடுவில் வீடு மாற வேண்டியதில்லை.

வாங்கும்போது ஒரு கணக்கு. 6 லட்சம் டாலர் வீடு, ஐஎஸ்டி வரி 100 டாலருக்கு 1 டாலர் 5 சென்ட் என்று வைத்துக்கொள். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு எழுதிக் கொடுத்தால் பள்ளி வரியில் 1 லட்சத்து 40 ஆயிரம் கழியும். 2025 நவம்பரில் ஓட்டுப்போட்டு உயர்த்தினார்கள். மீதி 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு 4,830 டாலர். விண்ணப்பிக்க மறந்தால் 6,300. நகரம், கவுண்டி வரிகள் இதற்கு மேல். புதிதாகக் கட்டிய வீடென்றால் முதல் வருஷ வரி பெரும்பாலும் வெறும் மனைக்கு வந்திருக்கும். அதைப் பார்த்து மாதத் தவணை குறைவு என்று நினைத்தால் அடுத்த வருஷம் வரிக்காகத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் எஸ்க்ரோ கணக்கில் பள்ளம் விழும். மட் என்ற தண்ணீர் வரி அந்தப் பகுதியில் உண்டா என்றும் கேட்டுக்கொள்.

கடைசியாக ஒன்று, இது மட்டும் இன்றே செய்ய வேண்டியது. டெக்சாஸ் பள்ளிகள் ஹெப்படைட்டிஸ் ஏ தடுப்பூசி இரண்டு டோஸ் கேட்கும். கலிஃபோர்னியா பள்ளிகள் அதைக் கேட்பதில்லை, அதனால் இரண்டாவது டோஸ் விட்டுப்போயிருந்தாலும் அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு டோஸுக்கும் நடுவே குறைந்தது 6 மாதம் இடைவெளி வேண்டும், முதல் டோஸே போடாமல் இருந்தால் ஆகஸ்டில் ஓடிப் போய் இரண்டையும் முடிக்க முடியாது. இரண்டு பேருடைய மஞ்சள் அட்டையையும், பெரியவனின் டிடாப், மெனிஞ்சைட்டிஸ் ஊசித் தேதி தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்து அனுப்பு. அதோடு உனக்குப் பிடித்த மூன்று விலாசங்களையும் அனுப்பு. வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் அப்பாவும் நானும் மூன்று இடத்துக்கும் போய், பின்பக்கம் எத்தனை போர்ட்டபிள் வகுப்பறை நிற்கிறது, கார் வரிசை எந்தத் தெருவரை நீள்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறோம்.

அன்புடன்,
அம்மா