அட்டையை அடியில் போட்டு வை

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

உன் காருக்கு அடியில் எண்ணெய் ஒழுகுகிறது என்று நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஞ்சினின் பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின்பக்க கிராங்க் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று பெர்த் மெக்கானிக் சொன்னாராம். உடனே சரி என்று சொல்லிவிடாதே கண்ணு. ஒரு வாரம் பொறு.

நீ தொடக்கப்பள்ளியில் படித்தபோது நம்மிடம் ஒரு வெள்ளை வேன் இருந்ததே, தேக்கா சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போவேனே, அதிலும் இதே மாதிரிதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் மூலையில் எண்ணெய் சொட்டியது. ஒரு பட்டறையில் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். வாகனச் சோதனைக்கு நாள் நெருங்கிவிட்டதால் நானும் தலையாட்டிவிட்டேன். 900 வெள்ளி. சீல் என்பது ஒரு ரப்பர் வளையம்தான், காசெல்லாம் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டும் கூலி. பத்தே நாளில் அதே இடத்தில் மறுபடியும் சொட்டு.

அன்று இரவு கார் பார்க்கில் நானே பார்த்தேன். முன் சீட்டைத் தூக்கினால்தான் அந்த வேனில் எஞ்சின் தெரியும். சூடு ஆறும்வரை காத்திருந்து, விரலில் டிஷ்யூவைச் சுற்றி, எஞ்சினின் பின்பக்கத்தைக் கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டே போனேன். எஞ்சினின் உச்சியில் இருக்கும் வால்வு மூடியின் ஓரம்வரை ஈரம் இருந்தது. அதற்கு மேலே காய்ந்திருந்தது. மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்க இருக்கும் ரப்பர் பட்டையை, அதாவது கேஸ்கட்டை, நகத்தால் அழுத்தினால் ரப்பர் மாதிரியே இல்லை, சூட்டில் இறுகிக் கல்லாகிவிட்டது. அங்கே கசிந்த எண்ணெய் எஞ்சின் முதுகோடு வழிந்து, அடிமூலையில் சொட்டியிருக்கிறது. அந்தக் கேஸ்கட் 30 வெள்ளிகூட இல்லை. அந்த 900 வெள்ளி உன் துணைப்பாட வகுப்புக்கு எடுத்து வைத்த பணம். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் முதலில் என்ன ஒழுகுகிறது என்று பார். வெள்ளைத் தாளால் ஒற்றி எடு. பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் எண்ணெய், இல்லாவிட்டால் பவர் ஸ்டியரிங். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று நிறமாக இருந்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம். அது விஷம், பூனை நாய் நக்கிவிடும், உடனே துடைத்துக் கழுவிவிடு. வெறும் தண்ணீர் என்றால் ஏர்கான், விட்டுவிடு. சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சளாக ஒழுகினால் பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்படியானால் காரைத் தொடாதே, இழுவை வண்டியைக் கூப்பிடு.

எஞ்சின் ஆயில்தான் என்றால், கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது? அதற்கப்புறம்தான் ஒழுகல் தொடங்கியது என்றால் ஃபில்டரையும் வடிகால் போல்ட்டையும் முதலில் பார்க்கச் சொல். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியதை மாட்டிவிடுவது உண்டு.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் எஞ்சினைச் சுத்தம் செய்யச் சொல். அழுக்கோடு பார்த்தால் எல்லா இடமும் கசிகிற மாதிரிதான் தெரியும். கழுவிக் காய்ந்ததும் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழே பார். ஈரமாக இருக்கிற இடங்களில் எது ஆக உயரத்தில் இருக்கிறதோ, சந்தேகம் அங்கேதான். ஓட்டும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும், அதையும் மனத்தில் வை. அப்படியும் பிடிபடாவிட்டால் ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள், கேட்டுப் பார். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்றும் கேள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட எண்ணெய் பிதுங்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் அவர் பின்பக்க சீல் என்றுதான் சொன்னால், மாற்றிவிடலாம். பணம் நான் அனுப்புகிறேன்.

அதுவரை தினமும் காலையில் எஞ்சின் சூடாகும் முன், ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார். கீழ்க்கோட்டுக்கு அடியில் இறங்க விடாதே. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையை விடாதே, அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொள்கிறேன்.

இன்று இரவு எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வை. எந்தப் பக்கம் பம்பர், எந்தப் பக்கம் வலது சக்கரம் என்று பேனாவால் எழுதிவிடு. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் படம் எடுத்து அனுப்பு. உனக்கும் எனக்கும் ஒரே மணிதான், நான் ஆறு மணிக்கே எழுந்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா