நீர்மட்டம் மட்டும் போதாது: ஏரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெரிய நன்னீர் ஏரிகளின் பொறுப்பில் இருக்கும் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு வருகிறது, எவ்வளவு திறந்துவிடப்படுகிறது என்று நாள் தவறாமல் அறிவிக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும், மீன் செத்து மிதக்கும் நாளில்தான் நாங்கள் தெரிந்துகொள்கிறோம். இதை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்த மீன்கள் பெரும்பாலும் விடியும் நேரத்தில்தான் சாகின்றன. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசி, இரவில் அதே ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. பாசி மண்டிய நீரில் பொழுது புலர்வதற்குள் கரைந்த ஆக்சிஜன் ஏறக்குறைய தீர்ந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து தவிக்கும். வெளிச்சம் வரும்போது கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பும். பாசியைக் கொல்ல மயில்துத்தம் தெளிப்பதும் உண்டு. செத்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் போகிறது; நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் அதன் உடலுக்குள் இருந்த நச்சும் தண்ணீரில் கலக்கிறது. இந்த வைத்தியத்தை இன்னும் எத்தனை காலம் செய்யப்போகிறீர்கள்?

நோயின் வேர் தெரியாத காலம் போய்விட்டது. 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில், 226 என்ற எண்ணால் அறியப்படும் சிறிய ஏரியை நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் பாசி மண்டிப் பச்சையாகிப் போனது, மறுபக்கம் தெளிந்தே இருந்தது. வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரே ஏரி இரண்டு நிறத்தில் தெரிகிறது. சாக்கடை, சோப்புத்தூள், உரம், சாணம் என எந்த வழியில் வந்தாலும் பாஸ்பரஸ் செய்யும் வேலை அதுதான்.

தடுத்தால் ஏரி தேறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாக வேறு பக்கம் திருப்பினார்கள். ஒரு மீட்டர் ஆழம்கூடக் கண்ணுக்குத் தெரியாதிருந்த நீர், அடுத்த பத்தாண்டுக்குள் பல மீட்டர் தெளிந்தது. எல்லா ஏரியும் அவ்வளவு சீக்கிரம் தேறாது. ஆழம் குறைந்த ஏரிகளில், ஆண்டுக்கணக்கில் சேற்றில் படிந்த பாஸ்பரஸ், அடியில் ஆக்சிஜன் வற்றும்போது மீண்டும் நீருக்குள் கிளம்பும். ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே திட்டம் தோற்றுவிட்டது என்று கோப்பை மூடிவிடாதீர்கள்.

சாக்கடையை அடைத்ததும் வேலை முடிந்தது என்றும் இருக்க வேண்டாம். கழிவுநீரைக் கட்டுப்படுத்தியதால் தேறிய, அமெரிக்க–கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரி, வயல்களிலிருந்து வழிந்த பாஸ்பரஸால் மறுபடியும் கெட்டது. 2014 ஆகஸ்டில் அதன் கரையிலுள்ள டொலிடோ நகரில் நான்கு லட்சம் பேர், குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்ற அறிவிப்பைக் கேட்டார்கள். காய்ச்சிக் குடிக்கவும் வழியில்லை: தண்ணீரில் கலந்திருந்தது நீலப்பச்சைப் பாசியின் நச்சு; கொதிக்க வைத்தால் அது அழியாது, நீர் ஆவியாகி அதன் செறிவு கூடிவிடும். குழந்தைக்குப் பால் கலக்க நிற்கும் ஒரு தாய்க்கு அந்த அறிவிப்பு என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. நீர்மட்டத்தோடு மூன்று அளவுகளையும் வாரந்தோறும் வெளியிடுங்கள்: மொத்த பாஸ்பரஸ், விடியற்காலையில் அடிமட்டத்தில் உள்ள ஆக்சிஜன், வெள்ளைத் தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்ற கணக்கு. கயிற்றில் கட்டி இறக்கும் அந்தத் தட்டு 1865 முதல் புழக்கத்தில் இருக்கிறது. படகும் பொறுமையும் இருந்தால் போதும். ஏரிக்குள் வரும் ஒவ்வொரு கால்வாயின் வாயிலும் பாஸ்பரஸை அளந்து, எந்தக் கால்வாய் எவ்வளவு கொண்டுவருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளவு கூடும் கால்வாயின் மேல்பகுதியில் புதிய கழிவுநீர் இணைப்புக்கு அனுமதி தராதீர்கள். கரையோர நாணலையும் கோரையையும் அழகுபடுத்தும் பணி என்ற பெயரில் வெட்டிக் கல் பதிப்பதை இன்றே நிறுத்துங்கள்.

முதல் வாரத்து அளவுகளை எதிர்பார்த்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஏரி நீரைக் குடித்து வாழும் மக்களில் ஒருவர்