உரசும் போல்ட்டை அறுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் இருபத்திரண்டு வருடமாக டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் டிராக் டே, அதாவது அவரவர் வண்டியைத் தடத்தில் ஓட்டிப்பார்க்கும் நாள் என்றால், அதற்கு முந்தின வாரமே பையன்கள் பட்டறை வாசலுக்கு வந்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே குறை: "அண்ணா, சாய்ச்சா கீழ உரசுது, ஃபுட்ரெஸ்ட்டைத் தூக்கிக் குடுங்க." உங்கள் வாகனப் பக்கத்தில் முழங்கால் தரையைத் தொடும் படங்களைப் போடுகிறீர்கள். இந்த உரசலைப் பற்றியும் நாலு வரி வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஃபுட்ரெஸ்ட் நுனியில் கீழ்நோக்கி ஒரு போல்ட் தொங்கும். அதுதான் முதலில் உரசுகிறது என்று ஒரு தம்பி அதைக் கிரைண்டரில் அறுத்துவிட்டுப் போயிருக்கிறார். நாலைந்து சுற்று நன்றாகத்தான் போயிருக்கிறது. பிறகு ஓர் இடது வளைவில் சைடு ஸ்டாண்ட் தாங்கியே தரையில் ஊன்றிவிட்டது. போல்ட் உரசினால் ஃபுட்ரெஸ்ட் மடங்கிக்கொடுக்கும், காலுக்கும் தெரியும். ஸ்டாண்டும் சைலன்சரும் மடங்காது. பாரத்தைத் தாங்கள் வாங்கிக்கொண்டு பின் டயரைக் கிளப்பிவிடும். தோள்பட்டைச் சிராய்ப்போடு தப்பித்தார்.

வண்டியைப் பார்த்தேன். பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும்படி தூக்கி, ஆக்சிலிலிருந்து வால்பகுதியில் வைத்த பென்சில் குறி வரை டேப்பால் அளந்தோம். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸோடு அவரை உட்காரவைத்து மறுபடி அளந்தோம். 44 மில்லிமீட்டர் இறங்கியது! டிராக்குக்கு 30ஐ ஒட்டி இருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே 44 என்றால் வளைவில் கேட்கவே வேண்டாம். 45 டிகிரி சாய்வில், வண்டியும் ஆளுமான 240 கிலோ ஸ்பிரிங்குக்கு 340 கிலோவாகத் தெரியும். சி ஸ்பேனரால் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை அழுத்திப்பிடிக்கும் காலர் வளையத்தைச் சுற்றி இறுக்கியதில் 32க்கு வந்தது. செலவு ஒரு டீ. ஆள் கனமாக இருந்து இறுக்கியும் வராவிட்டால் ஸ்பிரிங்கையே மாற்றுவதுதான் வழி.

சிலர் வண்டி சட்டென்று திரும்பட்டும் என்று முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மேலே ஏற்றிவிடுகிறார்கள். முன்பக்கம் இறங்கி, தரைக்கு இருக்கிற இடைவெளியும் போய்விடுகிறது. அகலமான பின் டயரும் அப்படித்தான். அதே வேகத்துக்கு இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டும். டயர் கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

அடுத்தது உட்காரும் விதம். அந்தத் தம்பி நேராக உட்கார்ந்துகொண்டு வண்டியை மட்டும் படுக்கவைக்கிறார். பாதி சீட்டு அளவுக்கு இடுப்பை உள்பக்கம் நகர்த்தி, தலையையும் தோளையும் கூடவே கொண்டுபோனால், அதே வேகத்துக்கு வண்டி அவ்வளவு சாய வேண்டியதில்லை. வளைவின் நடுவே பயந்து ஆக்சிலேட்டரை மூடினால் வண்டி அமுங்கும். லேசாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு உரசினால்தான் ஃபுட்ரெஸ்ட். 15 மில்லி மேலே, 10 மில்லி பின்னே தள்ளிவைக்கும் அலுமினியத் தகட்டை நானே துளைபோட்டுச் செய்து தருவேன். கியர் ராடையும் பிரேக் பெடலையும் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும். வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப்பார்க்கத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் செய்து தருவதில்லை. அங்கே எதிரே பஸ் வரும்.

தம்பியின் வண்டிக்குப் புது போல்ட்டையே மாட்டி அனுப்பினேன். அடுத்த டிராக் டே முடிந்த அன்று சாயங்காலமே கொண்டுவந்து காட்டினார். நுனி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. "இப்ப ஃபுட்ரெஸ்ட்டைத் தூக்கணுமாண்ணா?" என்றார். வேண்டாம் என்றேன்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
கோவை.