ஒரே இழப்பு, இரண்டு மனிதர்கள்

அன்புள்ள சுந்தரம்,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. உன் கடிதத்தில் இருந்த ஒரு வரிதான் என்னை இத்தனை நாள் பதில் எழுத விடவில்லை. ஃபியோதர் வின்பெர்கைக் குறித்து, நாட்டை இழந்தவனின் கசப்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று எழுதியிருந்தாய். கல்லூரி நாள் முதல் தோற்றவர் பக்கமே நிற்பவன் நீ. அந்த இரக்கத்தை இந்த மனிதரிடம் வீணாக்காதே.

ஜார் படையின் கர்னலான அவர், 1917 ரஷ்யப் புரட்சிக்குப்பின் சிறையிருந்து பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது உண்மை. ஆனால் அங்கே அவர் செய்தது என்ன? யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகக் கூறும் 'சியோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற போலி ஆவணத்தை 1920இல் தம் 'லுச் ஸ்வேதா' இதழில் முழுமையாக அச்சிட்டார். அது 1864இல் மொரீஸ் ஜோலி மூன்றாம் நெப்போலியனைச் சாடி எழுதிய பிரெஞ்சு நூலிலிருந்து திருடப்பட்டது என்பதை, 1921 ஆகஸ்டில் லண்டன் 'டைம்ஸ்' இரு நூல்களின் பத்திகளையும் அருகருகே வைத்துக் காட்டியது. அதன் பிறகும் அது அச்சேறுவது நிற்கவில்லை.

இதே பெர்லினில் விளாதிமிர் திமித்ரியேவிச் நபக்கோவும் இருந்தார், சுந்தரம். நாவலாசிரியர் நபக்கோவின் தந்தை. ஜாரின் நீதி அமைச்சருடைய மகனான அவரும் வீடு, நிலம், நாடு எல்லாவற்றையும் இழந்து வந்தவர்தான். 1903இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர்கள் 49 பேர் கொல்லப்பட்டபோது, அதைத் தடுக்காத காவல்துறையைக் கண்டித்துச் சட்ட இதழொன்றில் எழுதியவர் அவர். அந்தப் படுகொலைக்குத் தூபமிட்ட பத்திரிகையாளர் குருஷேவான்தான் அதே ஆண்டில் 'நெறிமுறைக'ளை முதன்முதலில் வெளியிட்டார் என்பதையும் நினைத்துப் பார்.

1922 மார்ச் 28 அன்று, நபக்கோவின் கட்சித் தோழரும் ரஷ்ய தாராளவாதத் தலைவருமான மில்யுகோவ் பெர்லினில் உரையாற்றிய அரங்கில், வின்பெர்கோடு இதழ்ப்பணி செய்த ஷபெல்ஸ்கி-போர்க் மில்யுகோவை நோக்கிச் சுட்டான். பாய்ந்து சென்று அவனைப் பிடித்து அழுத்திய நபக்கோவை, கூட்டாளி தபோரித்ஸ்கி சுட்டுக் கொன்றான். வின்பெர்க் ஜெர்மனியை விட்டு வெளியேறி, 1927இல் பாரிஸில் இறந்தார். கொலையாளிகளும் தண்டனைக்காலம் முடியும் முன்பே விடுதலையாயினர். தபோரித்ஸ்கிக்கு நாஜி ஆட்சியில் பதவியும் கிடைத்தது.

இழப்பு இருவருக்கும் ஒன்றே. அதைக் காட்டி ஒருவரை மட்டும் எப்படி மன்னிப்பது? உனக்கு மறுப்பு இருந்தால் நீளமாகவே எழுது. ராமுவிடமும் இதைக் காட்டு; அவன் சும்மா இருக்கமாட்டான்.

அன்புடன்,
கணேசன்