செயலாளரின் ஆண்டறிக்கை: கெய்ரோவில் நம் மாணவர்கள்

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் இவ்வாண்டு கொண்டுவந்த முறைப்பாடுகளில் முதலிடம் பெயருக்குத்தான். உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்துகள், கடவுச்சீட்டில் முழுப்பெயர். ஒன்றில் மொஹமட், மற்றதில் முஹம்மது. எகிப்திய இஸ்திமாராவோ, அதாவது படிவமோ, மாணவர், தந்தை, பாட்டனார் பெயர் என்று வரிசையாகக் கேட்கிறது. அங்குள்ள எழுத்தர் கேட்ட ஒலிப்படி அரபியில் எழுதிவிட்டால், அதுவே பட்டச் சான்றிதழ் வரை தொடரும். அரபியில் ஆங்கில P-யின் ஒலி இல்லாதது வேறு. கடவுச்சீட்டிலுள்ள பெயரை அரபு எழுத்தில் தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோவதே வழி.

ஒரே முத்திரையோடு வெளிநாட்டு ஆவணத்தை ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் எகிப்து சேராத நாடு. ஆகவே சான்றிதழ் முதலில் பரீட்சைத் திணைக்களத்துக்கும், பிறகு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும், கடைசியாகக் கொழும்பு எகிப்தியத் தூதரகத்துக்கும் போகவேண்டும். இடையில் ஒரு முத்திரை விடுபட்டால், கெய்ரோவிலிருந்து வீட்டாருக்கு மீண்டும் கூரியர்தான். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பை முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.

மொழி விஷயம் மதரஸாவில் ஏழு வருடம் ஓதியவரையும் தடுமாற வைக்கிறது. கிதாபின் அரபி வேறு, கெய்ரோத் தெருவின் பேச்சு வழக்கான ஆமிய்யா வேறு. அங்கே ஜீம் எழுத்து 'க' (g) ஆகும். ஜமீல் 'கமீல்' என்று வரும். காஃப் (q) எழுத்து தொண்டையில் மறைந்து, இதயம் என்னும் கல்ப் 'அல்ப்' ஆகிவிடும். 'இப்போது' என்பதற்குக் கிதாபில் உள்ளபடி 'அல்-ஆன்' என்றால் ஊரார் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது 'தில்வத்தி'. விரிவுரையாளரும் விளக்கம் சொல்லும்போது இதற்குள் நழுவிவிடுவார், பரீட்சையோ சுத்தமான ஃபுஸ்ஹாவில், அதாவது இலக்கண அரபியில். இலக்கங்களிலும் கவனம்: அங்கே 5 வட்டமாக நம் பூச்சியம் போலிருக்கும், பூச்சியம் வெறும் புள்ளி. வாடகை ஒப்பந்தத்தில் இதைத் தவறாக வாசித்தவர்கள் உண்டு.

விடுதியான மதீனத்துல் புஊஸில் இடம் கிடைக்காதவர்கள் நஸ்ர் சிட்டியின் ஹையுல் ஆஷிர் பக்கம் கூட்டாக அறை எடுக்கிறார்கள். தர்ராஸாவிலுள்ள பீடங்களுக்கு அங்கிருந்து தினமும் மைக்ரோபஸ். 2024 மார்ச் 6 அன்று எகிப்திய பவுண் டொலருக்கு ஏறத்தாழ 31-இலிருந்து 50 அளவுக்குச் சரிந்தது. வீட்டிலிருந்து டொலர் வருபவர் தப்பினார். பவுணில் உதவித்தொகை பெறுபவருக்குத்தான் சந்தையில் கை கடித்தது.

வதிவிட அனுமதியான இகாமாவைப் புதுப்பிக்கப் பீடத்தின் பதிவுச் சான்று வேண்டும். பெறுபேறு தாமதித்தால் அதுவும் தாமதிக்கும், காலாவதியானால் தண்டம். திகதிக்கு இரண்டு மாதம் முன்பே நடையைத் தொடங்குங்கள்.

இவற்றையெல்லாம் சிறு கையேடாக அச்சிட நிர்வாக சபை தீர்மானித்துள்ளது. கணக்கறிக்கையைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.